அணு உலைக்குக் காவல் யார்?

அணு உலையைக் கட்டுவதற்கு வேண்டியவை எவை என்று கேட்டால், இரும்பு, சிமெண்டு, யுரேனியம், பணம் என்று யாவரும் விடையிறுப்பர். அதைக் காப்பதற்கு வேண்டியது எது என்று கேட்டாலோ நம்மில் பெரும்பாலோர் தயங்குவோம். சிலர் யந்திரத்தின் நுட்பத்தைச் சொல்வர். சிலர் சர்க்காரின் சட்டத்தைச் சொல்வர். இரண்டும் வேண்டியவையே. ஆயினும் அபாயம் நெருங்கும் வேளையில் யந்திரம் காட்டும் குறியைப் படித்து, சட்டம் சொல்லாததையும் ஊகித்து, 'இதைச் செய்' என்று உத்தரவிடும் பொறுப்பு ஒரு மனிதனைச் சார்ந்தது. அம்மனிதன் எத்தகையவன், அவனைப் பழக்கியவர் யார், கெட்ட செய்தியை அவனிடம் அஞ்சாமல் சொல்லக்கூடியவர்கள் அவனைச் சுற்றி உளரா என்பவற்றையே இங்கு ஆராய எடுத்துக்கொண்டோம்.

இதை இப்போது ஆராய்வதற்கு ஓர் அவசரம் நேர்ந்திருக்கிறது. 2025-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் இந்தியப் பார்லிமெண்டு 'சாந்தி' என்று சுருக்கமாக வழங்கும் அணுசக்திச் சட்டத்தை நிறைவேற்றியது. 1962-ஆம் வருஷத்து அணுசக்திச் சட்டத்துக்கும், 2010-ஆம் வருஷத்து நஷ்டஈட்டுச் சட்டத்துக்கும் பதிலாகக் கொண்டுவரப்பட்ட சட்டம் இது. சர்க்காரின் ஏகபோகமாக இருந்து வந்த அணுமின் தொழிலில் தனியார் கம்பெனிகளும் லைசென்ஸ் பெற்று இறங்குவதற்கு இது வழி செய்கிறது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்தும் அளிக்கிறது. யார் முதல் போடலாம், யார் லைசென்ஸ் தரலாம், நஷ்டம் நேர்ந்தால் யார் கொடுக்க வேண்டும் என்பவற்றைச் சட்டத்தால் வகுத்துவிடலாம். அக்கதவு வழியே நாளை உள்ளே வரப்போகும் முதலாளிகளும் மானேஜர்களும் தலைமைப் பண்பை எங்கே கற்பது என்பது வேறு கேள்வி. அதற்குச் சட்டப் புத்தகம் மட்டும் விடையளிக்க முடியாது. சட்டத்தையே தொழிலாகக் கொண்ட நாமே இதைச் சொல்கிறோம்.

கொடுமுடிக்கு என்ன கவலை?

கூடங்குளமும் கல்பாக்கமும் கடற்கரையில் இருக்கின்றன. காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் உட்கார்ந்துகொண்டு இதைப் பற்றி எழுதுவானேன் என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். மேற்கே குடகில் பெய்த மழையும், மைசூர்ச் சீமையில் திறந்த மதகும் நமது படித்துறையில் வெள்ளமாக வந்து நிற்பதைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். எங்கோ ஒருவர் எடுத்த முடிவின் பலனைத் தொலைவிலுள்ள மற்றொருவர் அனுபவிக்க நேரும் என்பதை நமக்கு ஒருவரும் விளக்க வேண்டியதில்லை. செர்னோபிலில் 1986-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 26-ஆம் தேதி வெடித்த உலையின் நச்சுத்தூள் ஸ்வீடன் தேசத்து வயல்கள் வரை சென்று படிந்தது. ஆற்று நீராவது கரையோடு போகும்; காற்றுக்குக் கரையும் இல்லை, எல்லையும் இல்லை.

மற்றொரு காரணமும் உண்டு. 1932-இல் பைக்காரா நீர்வீழ்ச்சியின் மின்சாரம் வந்த பிறகே கோயம்புத்தூர் ஜில்லாவில் பஞ்சாலைகள் பெருகின. பம்பு செட்டுகள் ஓடின. கொங்கு நாட்டின் செல்வம் மின்சாரத்தால் வந்த செல்வம். இன்று நாம் கொளுத்தும் விளக்கில் தெற்கே கடலோரத்தில் பிறந்த அணுமின்சாரமும் கலந்திருக்கிறது. பலனை நாம் அனுபவித்துக்கொண்டு, அதன் அபாயத்தைப் பற்றிய கவலையை இடிந்தகரை மீனவர்களுக்கு மட்டும் விட்டுவிடுவது நியாயமாகாது.

கல்பாக்கத்தில் தொடங்கிய பாடம்

2004-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 26-ஆம் தேதி காலையில் சுமத்ராவில் எழுந்த ஆழிப்பேரலை நமது கரையை மோதியது. கல்பாக்கத்திலுள்ள சென்னை அணுமின் நிலையத்தில் அன்று இரண்டாவது உலை ஓடிக்கொண்டிருந்தது. கடல் நீர் இறைக்கும் பம்பு வீட்டில் வெள்ளம் புகுந்தது. உலை உடனே நிறுத்தப்பட்டு முறைப்படி குளிர்விக்கப்பட்டது. முக்கியமான கட்டடங்கள் மேட்டில் அமைந்திருந்தமையால் வெள்ளம் அவற்றை எட்டவில்லை. நிலையத்தின் குடியிருப்பிலும் சுற்றுக் கிராமங்களிலும் பல உயிர்கள் போயின. ஆனால் உலையிலிருந்து ஜனங்களுக்கு யாதொரு தீங்கும் நேரவில்லை.

இச்சம்பவத்தின் பின் நடந்ததே நாம் கவனிக்க வேண்டியது. அடுத்த வருஷம், 2005 ஆகஸ்டு மாதக் கடைசியில், வியன்னாவிலுள்ள சர்வதேச அணுசக்தி ஸ்தாபனமும் நமது தேசத்து நிபுணர்களும் சேர்ந்து கல்பாக்கத்திலேயே ஒரு சர்வதேச மகாநாட்டைக் கூட்டினார்கள். அணுமின் நிலையங்களில் வெள்ளம் புகுந்தால் என்ன ஆகும் என்பதே அம்மகாநாட்டின் பொருள். கற்பித்த இடம் தமிழ்நாடு. கற்க வந்தவர்கள் உலகத்தார்.

ஜப்பானும் இச்செய்தியை அறிந்துகொண்டது. 2006-ஆம் வருஷம் ஜனவரியில் அந்நாட்டு ஒழுங்குமுறை அதிகாரிகளும் மின்சாரக் கம்பெனிகளும் சேர்ந்து ஓர் ஆய்வுக் குழு அமைத்தார்கள். கல்பாக்கத்துப் பம்பு வீட்டில் நீர் புகுந்ததும் அக்குழு தோன்றியதற்கு ஒரு காரணம். புகுஷிமாவின் ஐந்தாவது உலைக்கு 14 மீட்டர் உயரத்துக்கு நீர் வந்தால் மின்சாரம் முழுவதும் அற்றுப்போகும் என்று அவ்வருஷமே அவர்கள் கண்டார்கள். 2008-இல் டோக்கியோ மின்சாரக் கம்பெனியாரின் சொந்தக் கணக்கே அலை 15.7 மீட்டர் வரை வரக்கூடும் என்று காட்டியது. உலைகள் நான்கு நின்ற தரையோ கடல் மட்டத்துக்கு மேல் 10 மீட்டர்தான். கணக்கை மேலும் ஆராயும்படி வேறு நிபுணர்களுக்கு அனுப்பினார்கள், சுவர் எழவில்லை. 2011-ஆம் வருஷம் மார்ச் 11-ஆம் தேதி அலை வந்தது. மூன்று உலைகளில் எரிபொருள் உருகிற்று. லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினர். மறு வருஷம் ஜப்பானியப் பார்லிமெண்டு நியமித்த விசாரணைக் கமிஷன், கியோஷி குரோகவாவின் தலைமையில், இது மனிதன் விளைவித்த விபத்தே என்று தீர்ப்புக் கூறியது.

நேயர்களே, இதைச் சற்று நிதானித்து எண்ணுங்கள். சர்வதேச ஒத்துழைப்பு இல்லை என்று இங்கே சொல்ல முடியுமா? செய்தி கல்பாக்கத்திலிருந்து டோக்கியோ சென்றது. நிபுணர் கூடினர், கணக்குப் போட்டனர், கணக்கும் சரியாகவே வந்தது. செய்தி கடலைக் கடந்தது. செயல் ஒரு மேஜையைக் கடக்கவில்லை. அறிவைப் பரிமாறிக்கொள்வது ஒன்று. அவ்வறிவின்படி நடக்கத் துணியும் தலைவர்களை உண்டாக்குவது மற்றொன்று. முன்னதை மட்டும் செய்துவிட்டுப் பின்னதை மறந்தால், மகாநாடுகள் வெறும் விருந்துகளாகவே முடியும்.

தைரியம் மட்டும் போதாது

புகுஷிமாவில் நிலையத் தலைவராக இருந்தவர் மசாவோ யோஷிதா. விபத்தின்போது, கடல் நீரை உலைக்குள் செலுத்துவதை நிறுத்தும்படி தலைமை அலுவலகத்திலிருந்து சொல்லியும், அவர் நிறுத்தாமல் செலுத்தினார். அத்தைரியத்தை உலகம் புகழ்ந்தது, புகழத் தக்கதே. ஆனால் 2008-இல் அந்தப் பேரலைக் கணக்கு வந்தபோது, தலைமை அலுவலகத்தில் அதற்குரிய இலாகாவின் தலைவராக இருந்தவரும் அவரே! நெருப்பு எரியும்போது சிங்கமாக நின்றவர், நெருப்பில்லாத நாளில் மற்ற அதிகாரிகளைப் போலவே காத்திருந்தார். ஒரு தனி மனிதரைக் குறை கூறுவதற்காக இதை நாம் எழுதவில்லை. நல்லவரும் வல்லவருமான ஒருவரைக்கூட அமைதியான நாட்களின் பழக்கம் கட்டிப்போட்டுவிடும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சாட்சியம் கிடையாது.

எதிர்ச் சாட்சியமும் ஜப்பானிலேயே உண்டு. பூகம்பம் எழுந்த இடத்துக்குப் புகுஷிமாவைவிட அருகில் உள்ளது ஒனகாவா அணுமின் நிலையம். அதைக் கட்டத் திட்டமிட்ட காலத்தில், தோஹோக்கு மின்சாரக் கம்பெனியின் உபதலைவராக முன்பு இருந்த யானோசுகே ஹிராய் என்பவர், பழங்காலப் பேரலைகளின் சரித்திரத்தை நினைவில் வைத்து, நிலையம் உயர்ந்த மேட்டிலேயே அமைய வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அவ்வளவு உயரம் வேண்டியதில்லை என்றவர்கள் பலர். இறுதியில் 14.8 மீட்டர் உயரத்தில் நிலையம் அமைந்தது. 2011-இல் அங்கே சுமார் 13 மீட்டர் உயர அலை வந்தது, உலைகள் தப்பின. வீடிழந்த அக்கம்பக்கத்து ஜனங்கள் 300-க்கும் மேற்பட்டவர்கள் அந்நிலையத்துக்குள்ளேயே அடைக்கலம் புகுந்தனர். ஹிராய் அப்போது உயிரோடில்லை, 1986-லேயே காலமாகிவிட்டார். தலைமை என்பது இதுதான். தான் இறந்து 25 வருஷம் கழித்து வரும் அலைக்கு இன்றே அணை போடுவது.

நரோரா காட்டிய இரு முகங்கள்

பிறர் குற்றத்தை மட்டும் எடுத்துக்காட்டிவிட்டு நம் குற்றத்தை மறைப்பது தேசபக்தியாகாது. ஐக்கிய மாகாணத்தில், அதாவது இன்றைய உத்தரப் பிரதேசத்தில், கங்கைக் கரையிலுள்ள நரோரா அணுமின் நிலையத்தில் 1993-ஆம் வருஷம் மார்ச் 31-ஆம் தேதி விடியுமுன் டர்பைன் யந்திரத்தின் தகடுகள் இரண்டு முறிந்து தீப்பற்றிக்கொண்டது. தீ கம்பிகளின் வழியே பரவி, முதல் உலைக்கு மின்சாரமே இல்லாமற் செய்துவிட்டது. சுமார் 17 மணி நேரம் அந்நிலை நீடித்தது. கட்டுப்பாட்டு அறையில் புகை சூழ்ந்தது. ஊழியர்கள் உலையை உடனே நிறுத்தினார்கள். அத்துடன் விடாமல், கை விளக்குகளைப் பிடித்துக்கொண்டு இருளில் மேலே ஏறி, போரான் கலந்த நீர் உலைக்குள் இறங்குவதற்கான வால்வுகளைக் கையாலேயே திறந்தார்கள். டீசலால் ஓடும் தீயணைப்புப் பம்புகளைக் கொண்டு நீர் பாய்ச்சினார்கள். அவர்களால் ஒரு பெருங்கேடு தவிர்ந்தது.

இது ஒரு முகம். மற்றொரு முகத்தையும் பார்ப்போம். அவ்வகை டர்பைன்களில் தகடு முறியக்கூடிய குறை உண்டு என்று அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி 1989-லேயே பாரத மிகுமின் நிறுவனத்துக்குத் தெரிவித்திருந்தது. மாற்றி அமைப்பதற்கான படங்களும் தயாராயின. ஆயினும் விபத்து நேரும் வரை நிலையத்தை நடத்தியவர்கள் காரியத்தில் இறங்கவில்லை. 1993 முதல் 1996 வரை ஒழுங்குமுறை வாரியத்தின் தலைவராயிருந்த டாக்டர் ஏ. கோபாலகிருஷ்ணன் இதை வெளிப்படையாக எழுதியிருக்கிறார். புகுஷிமாவின் கதையே நரோராவிலும் நடந்திருக்கிறது என்பதை நேயர்கள் காணலாம். கீழே நின்ற ஊழியன் உயிரைப் பணயம் வைத்துக் காத்தான்; மேலே இருந்தவர்களிடம் எச்சரிக்கை தூங்கிற்று.

நம் ஊர்க் கழனிக்காரர்களுக்கு விளங்கும்படி சொல்வோம். பவானியில் தலைமடை கொண்ட காலிங்கராயன் வாய்க்காலின் கடைமடை கொடுமுடிக்கு அருகில் இருக்கிறது. தண்ணீர் தலைமடையிலிருந்து கடைமடைக்கு வரும். வழியில் ஒருவன் அடைத்துக்கொண்டால் கடைமடை காயும். அணு உலையிலோ பாய வேண்டியது நேர் எதிர்த் திசையில். வால்வைத் துடைக்கும் கடைசித் தொழிலாளியிடம் பிறக்கும் செய்தி, தடையின்றித் தலைமடையிலுள்ள அதிகாரி வரை ஏற வேண்டும். செய்தி தானாக மேலே ஏறாது. மேலே இருப்பவன் இறங்கி வந்து கேட்டால்தான் ஏறும். அவ்வாறு கேட்கப் பழகுவதே தலைமைப் பயிற்சியின் சாரம் என்பது நமது அபிப்பிராயம்.

உலகம் ஏற்படுத்திய பள்ளிகள்

இப்பாடத்தை உலகம் சிறுகச் சிறுகவே கற்றது. ஒவ்வொரு படிக்கும் ஒரு விபத்தை விலையாகக் கொடுத்தது. அமெரிக்காவில் திரீமைல் ஐலண்டில் 1979-ஆம் வருஷம் மார்ச் மாதம் ஓர் உலை உருகியது. அதற்குக் காரணமான வால்வு 1977-லேயே வேறொரு நிலையத்தில் அதே விதமாகத் திறந்தபடி சிக்கிக்கொண்டிருந்தது. அச்செய்தி திரீமைல் ஐலண்டின் ஊழியர்களுக்கு எட்டவில்லை. செர்னோபிலுக்குப் பிறகுதான் 'பாதுகாப்புப் பண்பாடு' என்ற சொல் வழக்கில் வந்தது. 1989-ஆம் வருஷம் மே மாதம் மாஸ்கோவில், பகைமை பாராட்டி வந்த இரு முகாம்களின் மின்சாரக் கம்பெனிகளும் ஒன்றுகூடி, அணுமின் நிலையங்களை நடத்துவோரின் உலகச் சங்கத்தை நிறுவின. ஒரு நாட்டு நிலையத்தை மற்ற நாட்டார் சென்று பார்த்துக் குறை சொல்லும் வழக்கத்தை அச்சங்கம் ஏற்படுத்தியது. நமது அணுமின் கழகமும் அதில் அங்கம் வகிக்கிறது.

வியன்னா ஸ்தாபனம் 2016-இல் தன் பாதுகாப்பு விதிகளில் ஒரு முக்கியமான மாறுதல் செய்தது. அதுவரை 'நிர்வாகம்' என்றிருந்த இடத்தில் 'தலைமை' என்ற சொல்லை முதலில் வைத்தது. கணக்கும் கட்டளையும் நிர்வாகம். முன்மாதிரியும் மனத்துணிவும் தலைமை. மறு வருஷம், 2017-இல், பிரான்சு தேசத்து நீஸ் நகரத்தில் அணுப் பாதுகாப்புத் தலைமைக்கான சர்வதேசப் பள்ளியை அந்த ஸ்தாபனம் முதன்முதலாக நடத்தியது. அங்கே சேர்பவர்கள் ஓய்வு பெறப்போகும் பெரிய அதிகாரிகள் அல்லர்; தொழிலில் சில வருஷம் பழகிய, இனி மேலே வரவேண்டிய அதிகாரிகள். உண்மையாக நேர்ந்த சம்பவங்களை அவர்கள் முன் வைத்து, 'நீர் அவ்விடத்தில் இருந்தால் யாரைக் கேட்பீர், யாருக்குச் சொல்வீர், எதை நிறுத்துவீர்?' என்று விவாதிக்கச் செய்கிறார்கள். இளம் வக்கீல்கள் பழைய வழக்குகளைப் படித்து வாதம் பழகுவதைப் போன்றதே இம்முறை. ஒருவன் தன் ஆயுளில் ஒரு பெரிய விபத்தையும் காணாமலிருக்க வேண்டும் என்பதே நமது பிரார்த்தனை. காணாத ஒன்றுக்கு ஆயத்தமாவது எப்படி? பிறர் கண்டதைக் கொண்டுதான். அதனாலேயே இக்கல்வி எந்தத் தேசமும் தனித்துக் கற்கக்கூடியதன்று.

சுதேசியமும் கல்வியும்

'எல்லாவற்றையும் நாமே செய்துகொள்ளும் காலத்தில் அந்நியனிடம் பாடம் கேட்பதா?' என்ற கேள்வி சுதேசப் பற்றுடையார் மனத்தில் எழுவது இயல்பு. கல்பாக்கத்தின் சரித்திரமே இதற்கு விடை. 1969-இல் பிரான்சு தேசத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி நமது எஞ்சினீயர்கள் அந்நாட்டின் கதராஷ் ஆராய்ச்சி நிலையம் சென்று, 'ராப்ஸோடி' என்ற வேக ஈனுலையில் பயின்று திரும்பினார்கள். 1974-இல் நாம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை செய்ததும், பிரான்சு தர இருந்த செறிவூட்டிய யுரேனியம் நின்றுவிட்டது. நம்மவர்கள் மனம் உடையவில்லை. புளுட்டோனியமும் யுரேனியமும் கலந்த கார்பைடு எரிபொருளைத் தாங்களே செய்து, 1985-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் வேக ஈனுலையை இயக்கிக் காட்டினார்கள். தருவதாகச் சொன்ன பொருளைப் பிறர் நிறுத்திவிடலாம். கற்ற கல்வியை ஒருவரும் பறிக்க முடியாது. இதுவன்றோ சுயராஜ்யத்தின் அடிப்படை?

கூடங்குளத்தின் கதையும் இத்தகையதே. 1988-ஆம் வருஷம் நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் செய்த ஒப்பந்தத்தில் வந்த நிலையம் அது. அதை இயக்க வேண்டிய நம்மவர்கள் ருஷியாவின் நோவோவோரோனெஷ் பயிற்சி நிலையத்துக்குச் சென்று கற்றனர். 2013-இல் முதல் உலையும் 2016-இல் இரண்டாவது உலையும் உயிர் பெற்றன. பின்னர் வங்க தேசம் ரூப்பூரில் அதே வகை உலையைக் கட்டத் தொடங்கியபோது, அந்நாட்டு எஞ்சினீயர்கள் பயிற்சிக்கு நமது தேசத்துக்கு வந்தனர், கூடங்குளத்திலும் பழகினர். 2018-ஆம் வருஷம் மார்ச் முதல் தேதி மாஸ்கோவில் மூன்று தேசங்களும் இதைப் பற்றி உடன்படிக்கை செய்துகொண்டன. நேற்றைய மாணவன் இன்றைய உபாத்தியாயன் ஆனான். ஹரியானாவில் பகதூர்கட்டுக்கு அருகில், 2010-இல் அறிவித்தபடி, அணுசக்திக் கூட்டுறவுக்கான உலக மையம் ஒன்றையும் நமது சர்க்கார் நிறுவியிருக்கிறது. கற்பிக்கத் தகுதி பெற்றவன் கற்பதற்கு நாணவேண்டியதில்லை. கற்பதை நிறுத்தியவன் கற்பிக்கவும் தகுதியற்றவனாகிறான்.

ரகசியம் என்ற திரை

மற்றோர் ஆட்சேபம், 'அணு விஷயம் ரகசியமானது. அந்நியர் வந்து பார்ப்பதால் தேசத்துக்குத் தீங்கு' என்பது. ஆயுதத்தைப் பற்றிய ரகசியம் வேறு. தவறைப் பற்றிய ரகசியம் வேறு. முன்னதைக் காப்பது கடமை. பின்னதைக் காப்பது குற்றம். 2015-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் பல தேசத்து நிபுணர்கள் வியன்னா ஸ்தாபனத்தின் சார்பில் இங்கு வந்து நமது ஒழுங்குமுறை வாரியத்தைப் பரிசோதித்தார்கள். அனுபவமும் திறமையும் உடைய வாரியம் என்று பாராட்டினார்கள். ஆனால் அதன் சுதந்திரத்தைச் சட்டத்திலேயே உறுதிப்படுத்த வேண்டும் என்றும் சொன்னார்கள். 2011-இல் பார்லிமெண்டில் வந்த மசோதா 2014-இல் காலாவதியாகிவிட்டது. சட்ட அந்தஸ்து 2025-இல்தான் வந்தது. அந்நியர் சொன்னதால் நமக்கு இழிவு நேர்ந்ததா? பத்து வருஷம் தாமதித்ததே இழிவு. சட்டத்தில் எழுதிய சுதந்திரம் வாரியத்தாரின் நடத்தையில் வருகிறதா என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

ரகசியத் திரையின் மறு பக்கத்தில் நமது ஜனங்களே நின்றார்கள். 2011-இல் இடிந்தகரையில் கூடிய மீனவர்களும் பெண்டிரும், அலை வந்தால் என்ன, நாங்கள் எங்கே ஓடுவது என்று கேட்டார்கள். உலை வேண்டும் என்போரும் வேண்டாம் என்போரும் அக்கேள்வி நியாயமானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2013-ஆம் வருஷம் மே மாதம் 6-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு உலையை இயக்க அனுமதித்துத் தீர்ப்பளித்தபோது, 15 கட்டளைகளையும் விதித்தது. போலீசார், தீயணைப்போர், வைத்தியர்கள், ராஜ்ய சர்க்கார் அதிகாரிகள் ஆகியோருக்கும் பயிற்சி அளிக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. கிளர்ச்சிக்காரர்கள் மேலுள்ள கிரிமினல் வழக்குகளை வாபஸ் பெற முயல வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்பது தற்செயலாக இருக்கலாம். நமக்கோ அதில் ஒரு பொருள் தெரிகிறது. கேள்வி கேட்பவனைக் குற்றவாளியாக்கும் தலைமை, எத்தனை தேசத்துப் பள்ளிகளில் படித்து வந்தாலும், பாதுகாப்பை அறியாத தலைமையே.

நம் வீட்டு வாசலில்

கதிரியக்கம் என்பது உலையோடு முடிவதன்று. கோயம்புத்தூர், ஈரோடு நகரங்களில் புற்றுநோய்க்குக் கதிர்வைத்தியம் நடக்கிறது. பெரிய பவுண்டரிகளில் காஸ்டிங்குகளின் உட்குறையைக் கண்டறிய இரிடியம் போன்ற பொருள்களைப் பயன்படுத்துவதுண்டு. இவற்றைவிடக் கவலைக்குரியது பழைய இரும்பு. 2010-ஆம் வருஷம் டில்லிச் சர்வகலாசாலையின் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து உபயோகமற்றதென்று ஏலம் போன ஒரு கருவி மாயாபுரி ஸ்கிராப் கடைகளுக்குச் சென்றது. அதனுள் கோபால்ட்டு இருப்பதை அறியாமல் பிரித்தவர்கள் பலர் நோயுற்றார்கள், ஒருவர் மாண்டார். அதற்கு முன் 2008-இல், இந்திய எஃகில் செய்து பிரான்சுக்கு அனுப்பிய லிப்ட் பொத்தான்களில் கோபால்ட்டு கலந்திருந்தது தெரியவந்தது. அவற்றைப் பூட்டிய தொழிற்சாலையில் 20 தொழிலாளிகள் கதிர்வீச்சுக்கு உட்பட்டார்கள். எங்கோ ஓர் உலைக்களத்தில் கவனமின்றி உருக்கிய ஸ்கிராப், கடல் கடந்து இந்திய எஃகின் மானத்தை வாங்கிற்று.

ஸ்கிராப் வாங்கி உருக்கி, பம்பும் மோட்டாரும் செய்து உலகெங்கும் அனுப்பும் கோயம்புத்தூருக்கு இதைவிட நெருக்கமான எச்சரிக்கை வேண்டுமா? எடை மேடைக்கு அருகில் கதிரியக்கத்தை அளக்கும் கருவி ஒன்றை வைப்பதற்கு ஒரு முதலாளிக்கு ஆகும் செலவு பெரிதல்ல. 'இந்த லாரியை உள்ளே விடக்கூடாது' என்று காவற்காரன் சொன்னால், சரக்கு தாமதமானாலும் சரி என்று அவன் பக்கம் நிற்கும் முதலாளியே அங்கே வேண்டியவர். ஆயிரம் மெகாவாட் உலையில் வேண்டிய தலைமைக்கும், அரை ஏக்கர் பவுண்டரியில் வேண்டிய தலைமைக்கும் அளவில்தான் வேற்றுமை. குணத்தில் வேற்றுமை இல்லை.

நாம் கோருவது

நாம் சர்க்காரிடமும் வாரியத்திடமும் கோருவது இதுதான். முதலாவது, இனி லைசென்ஸ் கேட்டு வரும் கம்பெனிகளில், உலையை இயக்கும் ஊழியர்களுக்கு மட்டுமன்றி, மானேஜர்களுக்கும் டைரக்டர்களுக்கும் தலைமைப் பயிற்சி கட்டாயமாதல் வேண்டும். அப்பயிற்சியைப் பல தேசத்தாரும் சோதிக்க இடமளிக்க வேண்டும். முதல் போடுகிறவன் பாடம் படிக்க வேண்டியதில்லை என்பது பஞ்சாலைக்குப் பொருந்தலாம். அணு உலைக்குப் பொருந்தாது. இரண்டாவது, அந்நிய நிபுணர்கள் வந்து பார்த்துச் சொன்ன குறைகளும், அவற்றுக்குச் செய்த பரிகாரமும், அந்தந்த ராஜ்யத்தின் பாஷையில், நம்மிடம் தமிழில், ஜனங்கள் படிக்கும்படி வெளிவர வேண்டும். மூன்றாவது, குறையைக் கண்டு சொல்லும் ஊழியனுக்குத் தண்டனை இல்லை, சன்மானமே உண்டு என்பது சேவை விதிகளில் ஏற வேண்டும். நான்காவது, கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர் ஜில்லாக்களின் தொழிற்சங்கங்களும் எஞ்சினீயரிங் கலாசாலைகளும் சேர்ந்து, ஸ்கிராப் வாங்குவோருக்கும் பவுண்டரி மேஸ்திரிகளுக்கும் தமிழிலேயே பயிற்சி நடத்த முன்வர வேண்டும். இதற்கு டில்லியின் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது நம் பழமொழி. உலகம் மூன்று முறை கண் கெட்ட பிறகே ஒவ்வொரு பாடத்தையும் கற்றது. நாமோ அம்மூன்றின் பாடங்களையும் நம் நாட்டு நரோராவின் பாடத்தையும் கையில் வைத்துக்கொண்டிருக்கிறோம். கல்பாக்கத்தில் உலகுக்குப் பாடமும் சொல்லியிருக்கிறோம். இனி அறியாமை என்ற சமாதானம் நமக்கு எந்தக் கோர்ட்டிலும் செல்லாது. ஒரு பேரலை வரும் நாள் ஒருவருக்கும் தெரியாது; அதைப் பற்றிய கடிதம் மேஜைக்கு வரும் நாள் மட்டும் தெரியும். அன்று அதைப் பிரித்துப் படித்துக் காரியத்தில் இறங்குகிறவனே காவலன். அத்தகையவர்களைப் பழக்குவதற்கு எந்தத் தேசத்தின் உதவியையும் நாம் நாடலாம். அவர்களை நியமிப்பதும், அவர்கள் சொல்லுக்குச் செவி சாய்ப்பதும் நம்முடைய பொறுப்பு.